டெக்சாஸில் புள்ளிமான் வேட்டைக்கு முதல் ரைபிள்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: "சொந்த ஊர் ஒடுகத்தூர் பக்கம். இப்போது டெக்சாஸில் எச்-1பி விசாவில் வேலை. ஊரில் காட்டோரம் பார்த்த அதே புள்ளிமானை இங்கே சட்டப்படி வேட்டையாடலாம் என்கிறார்கள். இதுவரை துப்பாக்கியே பிடித்ததில்லை. முதல் ரைபிள் எது வாங்கலாம்? திரும்பும்போது வேலூருக்கு எடுத்து வர முடியுமா?"

அதே மான்தான். ஜவ்வாது மலையடிவாரத்திலும் அமிர்தி பூங்காவிலும் நீங்கள் பார்த்த புள்ளிமானை அங்கே 'ஆக்சிஸ்' என்பார்கள். 1932-இல் டெக்சாஸுக்குக் கொண்டு வந்தார்கள், இன்று ஹில் கன்ட்ரி பகுதியில் பெருகிக் கிடக்கிறது. வெளியிலிருந்து வந்த விலங்கு என்பதால் அதற்கு வேட்டைப் பருவம் என்று ஒன்று இல்லை, எத்தனை என்ற வரம்பும் இல்லை. நில உரிமையாளரின் அனுமதியும் மாநில வேட்டை உரிமமும் வேண்டும். அந்த மண்ணின் சொந்த மானான வெள்ளைவாலனுக்கு மட்டும் பருவமும் எண்ணிக்கையும் கண்டிப்பாக உண்டு.

ரைபிளைப் பற்றிப் பேசும் முன் உங்கள் விசாவைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் இதில் தவறினால் மானோடு போகாது, வேலையும் போகும். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். அதற்கு உள்ள சில விலக்குகளில் உங்களுக்குப் பொருந்துவது, ஏதாவதொரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். அதனால் வரிசை இதுதான்: முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பு (1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்த எல்லாருக்கும் டெக்சாஸில் இது தேவை), அடுத்து உரிமம், கடைசியில்தான் கடை. நண்பருடைய துப்பாக்கியை வாங்கிக் கையில் பிடித்தாலும் சட்டத்தின் கண்ணில் அது 'வைத்திருப்பது'தான், உரிமத்துக்கு முன்னால் அதையும் செய்யாதீர்கள். பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. டெக்சாஸ் உரிமம் ஆகஸ்ட் 31-ஓடு முடிந்துவிடும், அடுத்த ஆண்டுக்கானது ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வரும். செப்டம்பர் 1 அன்று பழைய உரிமத்தோடு வீட்டில் ரைபிள் இருந்தால், நீங்கள் வேட்டைக்கே போகாவிட்டாலும் குற்றம். கைபேசியில் நினைவூட்டல் போட்டு வையுங்கள். கடையில் 4473 என்ற படிவம் நிரப்பும்போது பாஸ்போர்ட், ஐ-94 எண் (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு எண்), உரிமம், டெக்சாஸ் முகவரிக்கான சான்று எல்லாம் கையில் இருக்கட்டும். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை உங்களுக்கு இல்லை.

இனி தோட்டா. துப்பாக்கி என்றதும் நம் பக்கத்தில் நினைவுக்கு வருவது 12 போர் இரட்டைக் குழல், அல்லது மலைக்கிராமங்களின் நாட்டுத் துப்பாக்கி. இரண்டிலும் மருந்து, ரவை, தூரம் எல்லாம் கைக்கணக்கு. ரைபிளில் அப்படி இல்லை, எந்தத் தோட்டாவுக்கு வாங்குகிறீர்களோ அதற்கு மட்டுமே அது உழைக்கும். குழலின் மேல் பொறித்திருக்கும் பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். .270 வின்செஸ்டரும் .270 டபிள்யூ.எஸ்.எம்-மும் ஒன்றல்ல. .300 பிளாக்அவுட் தோட்டா .223 துப்பாக்கியில் நுழைந்துவிடும், சுட்டால் துப்பாக்கி வெடிக்கும்.

புள்ளிமான் பெரிய விலங்கில்லை. நன்றாக வளர்ந்த ஆண் மான் 70 முதல் 100 கிலோ இருக்கும், பெட்டை அதில் பாதிக்குச் சற்று மேல். அங்கே பெரும்பாலும் 100 முதல் 150 கஜ தூரத்தில்தான் சுட வாய்க்கும். காட்பாடியிலிருந்து கிளம்பும் ரயிலின் நாலு முதல் ஆறு பெட்டி நீளம், அவ்வளவுதான். இதற்கு மலையைத் துளைக்கும் தோட்டா தேவையே இல்லை. தோட்டா வகைகளை உதையை (சுடும்போது ரைபிள் தோளில் இடிப்பதை) வைத்து ஒப்பிடலாம். ஒரே எடையுள்ள ரைபிளில் .243 வின்செஸ்டரின் உதையை 10 என்று வைத்தால், 6.5 கிரீட்மூர் ஏறத்தாழ 12, 7 எம்.எம்-08 ரெமிங்டன் 14, .308 வின்செஸ்டர் 16 அல்லது 17, .30-06 ஏறத்தாழ 20, .300 வின்செஸ்டர் மேக்னம் 26-க்கும் மேல். புதிதாகச் சுடுகிறவருக்கு இந்த வரிசையில் 15-க்கு மேல் போவது நஷ்டம். உதை பலமாக இருந்தால் நாலாவது ஐந்தாவது தோட்டாவிலேயே உடம்பு முன்கூட்டிச் சுருங்க ஆரம்பிக்கும், கண் இறுகும், விரல் டிரிகரை வெடுக்கென்று இழுக்கும். இந்தப் பழக்கம் ஒருமுறை தோளில் ஏறிவிட்டால் இறக்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும். காயம்பட்டு முட்புதருக்குள் ஓடிச் சாகும் மான்களில் பல இப்படிப்பட்ட சுடுகையால்தான். அந்த மானுக்குச் செய்யும் பாவத்தைத் தோட்டாவின் பலத்தைக் கூட்டி ஈடுகட்ட முடியாது.

என் தேர்வு 6.5 கிரீட்மூர், 140 அல்லது 143 கிரெய்ன் குண்டு (தோட்டாவிலிருந்து பறந்து போகும் பகுதி). நம் கணக்கில் குண்டின் எடை ஒன்பது கிராம் சொச்சம், ஒரு பவுனுக்கும் ஒரு கிராம் கூடுதல். 7 எம்.எம்-08 அதைவிடவும் மானுக்குப் பொருத்தம் என்று சொல்ல நியாயம் உண்டு, ஆனால் சின்ன ஊர்க் கடைகளில் அதன் தோட்டா எப்போதும் கிடைக்காது. உடல்வாகு சிறியதாக இருந்தால் .243, 95 அல்லது 100 கிரெய்னில். அதில் மட்டும் குண்டைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும், நரி சுடுவதற்கான 55, 58 கிரெய்ன் மெல்லிய குண்டுகள் மானின் தோளெலும்பிலேயே சிதறிவிடும். .308-ஐ ஒதுக்க வேண்டியதில்லை, பயிற்சித் தோட்டா மலிவு என்பது அதன் பெரிய பலம். .22 பயிற்சிக்கு அருமையானது, மானுக்கு ஆகாது. வேறு மாநிலத்துக்கு மாறினால் இந்தத் தேர்வையே மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். ஓஹையோவில் மானுக்கு நேர்ச்சுவர்த் தோட்டா ரைபிள்கள்தான் செல்லும், கழுத்து குறுகிய 6.5 கிரீட்மூர் செல்லாது.

குண்டு எந்த வகை என்பது அளவைவிட முக்கியம். முழுக்கச் செம்பு உறை போட்ட எஃப்.எம்.ஜே. தோட்டா பயிற்சிப் பலகைக்கு மட்டும். மானில் அது ஊசிபோல ஓட்டை போட்டு வெளியேறிவிடும், மான் ஓடிக்கொண்டே இருக்கும். வேட்டைக்கு மென்முனை அல்லது விரியும் குண்டு. வீட்டில் குழந்தைகள் அந்தக் கறியைச் சாப்பிடப் போகிறார்கள் என்றால் ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டாக வாங்குங்கள். ஈயக் குண்டின் துணுக்குகள் காயத்திலிருந்து வெகுதூரம் வரை கறியில் சிதறுகின்றன, கண்ணுக்கும் தெரியாது, பல்லுக்கும் தெரியாது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது.

ரைபிளில் போல்ட் (தோட்டாவை ஏற்றும் கைப்பிடித் தண்டு) இழுத்துச் சுடும் வகையே முதலில் போதும். பாகங்கள் குறைவு, சுத்தம் செய்வது எளிது, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று போல்ட்டைத் திறந்ததும் கண்ணால் பார்க்கலாம். ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ் (நம் மானின் பெயரேதான்), கொஞ்சம் கூடச் செலவு செய்ய முடிந்தால் டிக்கா டி3எக்ஸ். மூன்றுமே 100 கஜத்தில் மூன்று குண்டை ஒன்றரை அங்குலத்துக்குள் போடக்கூடியவை, மானுக்கு அதற்கு மேல் துல்லியம் வேண்டியதில்லை. 22 அங்குலக் குழல், ஸ்கோப்போடு (குறி பார்க்கும் தொலைநோக்கிக் குழாய்) சேர்த்து மூன்று கிலோவுக்குக் குறையாத எடை. கையில் பஞ்சுபோல இருக்கும் ரைபிளைக் கடைக்காரர் பெருமையாகக் காட்டுவார், வேண்டாம். 3.6 கிலோ ரைபிளில் உதைப்பதைவிட 2.7 கிலோவில் அதே தோட்டா மூன்றில் ஒரு பங்கு அதிகமாக உதைக்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் கட்டையின் (தோளில் பதியும் பின்பகுதி) நீளம். அமெரிக்க ரைபிள்கள் பெரும்பாலும் டிரிகரிலிருந்து கட்டையின் அடிவரை 13.5 முதல் 13.75 அங்குலம். ஆறடி ஆளுக்கு அது சரி. ஐந்தடி ஐந்து அங்குலம், மெலிந்த தோள் என்றால் 13 அல்லது அதற்கும் கீழே வேண்டும். கடையில் இப்படிப் பாருங்கள்: போல்ட்டைத் திறந்து காலி என்று உறுதி செய்துகொண்டு, முழங்கையைச் செங்குத்தாக மடக்கி, கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிகருக்கு எட்ட வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் சாய்த்து, கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பில் வட்டம் முழுதாகத் தெரிந்தால் உங்களுக்கான ரைபிள். ஓரத்தில் கறுப்புப் பிறை தெரிந்து, கழுத்தை நீட்டியோ இழுத்தோ சரிசெய்ய வேண்டியிருந்தால் அடுத்ததை எடுங்கள். சிறிய கட்டையோடு வரும் 'காம்பாக்ட்' வகையைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

ஸ்கோப் 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்குவது, முன் கண்ணாடி 40 மி.மீ.) போதும். காட்டில் அதை 3-இலோ 4-இலோ வைத்திருங்கள், 9-இல் வைத்துவிட்டுக் கிட்டத்தில் மான் வந்தால் ரோமம்தான் தெரியும், மான் தெரியாது. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றரை முதல் நான்கு அங்குல இடைவெளி இருக்கட்டும், குறைந்தால் புருவம் கிழியும். குறி தவறுவதற்கு ரைபிளைக் குறை சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஸ்கோப்பின் திருகுகளை. பத்தில் பல தடவை அடித்தளத் திருகு தளர்ந்திருக்கும், அல்லது கட்டை குழலை ஒரு பக்கமாக உரசும். ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்தால் தடையில்லாமல் நகர வேண்டும்.

குறி திருத்துவது 25 கஜத்தில் தொடங்கட்டும். மணல் மூட்டைமேல் முன்கட்டையை வையுங்கள், குழலை வைக்காதீர்கள். வழக்கமான ஸ்கோப்பில் குறி திருத்தும் குமிழை ஒரு சொடுக்கு திருப்பினால் குண்டு படும் இடம் 100 கஜத்தில் கால் அங்குலம் நகரும், 25 கஜத்தில் அதிலும் கால் பங்கு. அதாவது 25 கஜத்தில் ஓர் அங்குலம் விலகியிருந்தால் 16 சொடுக்கு. இந்தக் கணக்குத் தெரியாமல் நான்கு சொடுக்கு திருப்பிவிட்டு ஸ்கோப் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. 25-இல் மையத்துக்கு அரை அங்குலம் கீழே பட்டால் 100-க்குப் போகலாம். அங்கே மூன்று மூன்றாகச் சுட்டு, மூன்றின் நடுவைப் பார்த்துத் திருத்துங்கள், ஒற்றைக் குண்டைப் பார்த்துத் திருத்தக் கூடாது. குழல் கையால் தொட முடியாத சூட்டில் இருந்தால் காத்திருங்கள். 100 கஜத்தில் நேராக வைத்தால் 6.5 கிரீட்மூர் 150-இல் ஓர் அங்குலம் சொச்சம் இறங்கும், 200-இல் மூன்றரை. அதனால் 150 வரை குறியை மாற்றவே வேண்டாம். தோட்டாவின் பிராண்டை மாற்றினால் குறியை மறுபடி சரிபாருங்கள். காதுக்கு அடைப்பானும் மேலே மூடியும் இரண்டும் வேண்டும், போன செவிப்புலன் திரும்பி வராது. முதல் வேட்டைக்கு முன் 100 தோட்டாவாவது சுட்டிருங்கள், அதில் பாதி உட்கார்ந்தும் முட்டி போட்டும்.

சுடும்போது, பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலுக்கு நேர் மேலே, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். புள்ளிமானுக்கு நெஞ்சுக்குலை சற்று முன்னால் இருக்கும், தோளுக்கு வெகு பின்னால் வைத்தால் குடலில் படும். அது மந்தையாக நிற்கும் மான் என்பதையும் மறக்காதீர்கள். ஊடுருவி வெளியேறும் குண்டு பின்னால் நிற்கும் குட்டியையும் எடுக்கும். பின்னால் வெறும் மண்ணோ மேடோ தெரியும்வரை விரலை டிரிகருக்குள் விடக் கூடாது.

ஊருக்குக் கொண்டுவரும் கேள்விக்குப் பதில்: வேண்டாம். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு மான் வேட்டையை முற்றிலும் தடுக்கிறது. சுட முயல்வதும் வேட்டைதான், ஏர்கன்னால் என்றாலும் வேட்டைதான். நிலக்கடலையை மான் மேய்ந்தது என்பதற்காக ஒடுகத்தூரில் உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ சுட முடியாது. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் மனு கொடுப்பதுதான் வழி. துப்பாக்கிக்கோ 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். கொம்பையும் பெட்டியில் வைக்காதீர்கள், டெக்சாஸ் மானா ஜவ்வாது மானா என்று கொம்பில் எழுதியிருக்காது.

வேட்டைக்கு எடுத்துப் போகும் பையைப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். பக்கப் பையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவுக்காக விமான நிலையத்தில் வழக்கு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். தோட்டாவுக்கென்று தனிப் பெட்டி, சுட்ட கணக்கும் மீதிக் கணக்கும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு அதற்குள். சென்னை விமானம் ஏறும் முன்பு அந்தக் கணக்கு நேராக வந்தால் போதும்.