இப்போது தயாரிப்பில் இல்லாத வேட்டைத் துப்பாக்கிகளில் எது மறுபடி வர வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

சாவேஜ் 99, டிரிகருக்குக் கீழே இருக்கும் லீவரைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி. வேறு பேச்சே இல்லை.

கேள்வியைப் பார்த்தால், நீங்கள் அமெரிக்கா வந்து கொஞ்ச நாளாகி, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து, முதல் துப்பாக்கிக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறவர் என்று தோன்றுகிறது. (இந்தியாவிலிருந்து கேட்கிறீர்கள் என்றால், அங்கே 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வேட்டை ஆசையை மறந்துவிடுங்கள்.)

வழக்கமாக வரும் பதில் 1964க்கு முந்தைய வின்செஸ்டர் 70. நல்ல துப்பாக்கிதான், மறுக்கவில்லை. செலவைக் குறைக்கிறேன் பேர்வழி என்று, தோட்டாவின் விளிம்பைக் கவ்வி இழுக்கும் பெரிய கொக்கியை அந்த வருடம் எடுத்துவிட்டார்கள். ஆனால் 1990களில் அது திரும்பி வந்துவிட்டதே! அப்புறம் எதற்கு ஒப்பாரி? மார்லின் லீவர் துப்பாக்கிகளையும், அவற்றைச் செய்துவந்த ரெமிங்டன் கம்பெனி திவாலானபோது ரூகர் கம்பெனி வாங்கி, 2021 கடைசியில் மறுபடி கடைக்கு அனுப்பிவிட்டது. 99 மட்டும் போனது போனதுதான்.

இதை வடிவமைத்த ஆர்தர் சாவேஜ் ஜமைக்காவில் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்து உட்டிகாவில் கம்பெனி நடத்தினார். 1899இல் வந்த துப்பாக்கி, பத்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அன்றைய மற்ற லீவர் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் தோட்டாக்கள் ஒரு குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். அதில் கூர்முனைத் தோட்டா போட்டால் பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரில், அதாவது அடியில் இருக்கும் வெடிப்பொட்டில், முட்டும். உதைப்பில் வெடித்தாலும் வெடிக்கும். அதனால் மொட்டை முனைதான் போட வேண்டும். அது தூரம் போகப்போக வேகம் இழந்துவிடும். (இப்போது ரப்பர் போன்ற மென்முனைத் தோட்டா வந்துவிட்டது, தெரியும். நான் சொல்வது நூறு வருடத்துக்கு முந்தைய கதை.) 99இல் குழாயே கிடையாது. உள்ளே ராட்டினம் மாதிரி ஒரு சுழல் உருளை. ஐந்து தோட்டாக்களும் அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். உருளை உட்கார்ந்திருக்கும் நடு இரும்பின் (ரிசீவர்) இடப்பக்கம் சின்னதாக ஓர் ஓட்டை, அதற்குள் எண் பொறித்த பித்தளை. லீவரைத் தள்ளி இழுத்தால் உருளை நகரும், ஓட்டையில் எண் ஒன்று குறையும். உள்ளே எத்தனை மிச்சம் என்று திறந்து பார்க்க வேண்டியதில்லை.

இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். எனக்கு வேறு காரணம் உண்டு. நான் பீச்சாங்கைக்காரன்.

கூட வேலை செய்தவர் ஒருவர் என்னை முதன்முதலாக நியூயார்க் மாநிலத்து அடிராண்டாக்ஸ் மலைக்கு மான் வேட்டைக்குக் கூட்டிப்போனார். கையில் கொடுத்தது வலதுகை போல்ட் துப்பாக்கி, தோட்டா மாற்றத் தூக்கி இழுக்கும் கைப்பிடி (போல்ட்) வலப்பக்கம் இருப்பது. முதல் குண்டு கிளையில் பட்டது, மான் குழம்பிப்போய் அங்கேயே நின்றது. நான் டிரிகரிலிருந்து இடது கையை எடுத்து, ஸ்கோப்புக்கு மேலாக அந்தப் பக்கம் கொண்டுபோய், போல்ட்டைத் தூக்கி இழுத்து முடிப்பதற்குள் மான் அடுத்த மலைக்கே போயிருக்கும். அன்று மாலை முகாமில் ஒரு பெரியவர் தன் 99ஐ நீட்டி, 'இதைப் போட்டுப் பார்' என்றார். கட்டை தோளை விட்டு அசையவில்லை, கண் குறியை விட்டு நகரவில்லை, விரல்கள் மட்டும் கீழே போய் வந்தன. சுட்டு முடிந்த தோட்டாவின் கூடு என் மூக்குக்கு முன்னால் வலப்பக்கமாகப் பறந்தது. அதைக் குறை என்பார்கள். வலதுகை போல்ட்டோடு மல்லுக்கட்டியவனுக்கு அது ஒரு குறையே இல்லை.

'இடதுகை போல்ட் துப்பாக்கிதான் கிடைக்கிறதே' என்று கிளம்பாதீர்கள். கிடைக்கிறது. நான் போன கடைகளில் சுவர் நிறைய வலதுகை மாடல்கள் இருக்கும், எனக்கு மட்டும் 'ஆர்டர் போட்டுத் தருகிறோம்'. சின்ன வயதில் பலப்பத்தை இடது கையில் பிடித்தால் டீச்சர் முட்டியில் ஸ்கேலால் போடுவார். சரி, அது அந்தக் காலம். இங்கே ஒரு பொங்கல் விழாவில் குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிட்டார்கள். நான் கையை நீட்டியதும் ஒருவர் மைக்கிலேயே, 'சார், சோத்தாங்கை, சோத்தாங்கை' என்றார். சபையே சிரித்தது. கடல் தாண்டி வந்தும் இந்தப் பஞ்சாயத்து விடவில்லை. துப்பாக்கிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஏன் நின்றது? செலவுதான். இரும்பைக் குடைந்தெடுக்கும் வேலையும் கைவேலையும் அதிகம். அதே கம்பெனி 1958இல் கொண்டுவந்த 110 போல்ட் துப்பாக்கி மலிவு. 1988இல் கம்பெனி திவாலானபோது தூக்கி நிறுத்தியதும் அதுதான். 99இல் ராட்டினத்தை எடுத்துவிட்டுக் கழற்றி மாட்டும் தோட்டாப் பெட்டி (மேகசின்) வைத்துப் பார்த்தார்கள், 1990களின் கடைசியில் அடியோடு நிறுத்திவிட்டார்கள். வியாபாரக் கணக்கு எனக்கும் புரிகிறது. புரிந்தால் ஆசை போய்விடுமா?

பழையது வாங்குவதானால், பின்கட்டை இரும்போடு சேரும் இடத்தில் மரம் விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள், இதன் பழைய நோய் அது. .308 என்ற தோட்டா அளவில் கிடைத்தால் தோட்டாவுக்கு அலைய வேண்டாம். .300 சாவேஜ் அளவு என்றால் தோட்டாவைச் சீசனுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். 'பேசாமல் 6.5 கிரீட்மூர் தோட்டாவுக்கான துப்பாக்கி வாங்கு' என்று கமெண்ட்டில் வரப்போகிறவர்கள், எந்தக் கைக்காரர் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு ஆரம்பிக்கவும்.