சீனப் பெருநகரங்களில் அவ்வளவு நெரிசலில் எப்படிக் குடியிருக்கிறார்கள்? பொது இடம் என்று ஏதாவது மிஞ்சுகிறதா?

மிஞ்சுகிறது, நாம் நினைப்பதைவிட அதிகமாகவே. வேலை காரணமாக ஷாங்காயில் வாடகைக்கு இருந்தவன் என்பதால் பெரும்பாலும் அந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

முதலில் எண்ணிக்கை. 2020 கணக்கெடுப்பில் அங்கே ஏறக்குறைய 2.5 கோடிப் பேர். மாநகர எல்லைக்குள் வயலும் தீவும்கூட வருவதால் சராசரி பார்த்தால் சதுர கிலோமீட்டருக்கு 4,000 பேருக்கும் கீழேதான், ஆனால் நடு ஊரில், ஹுவாங்பூ, ஹொங்கோ வட்டாரங்களில் 30,000ஐத் தாண்டிவிடும்.

ஒரு கூரைக்குக் கீழே பல குடும்பங்கள் இருப்பது அவர்களுக்குப் புதிதல்ல. ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய பழைய ஷிகுமென் சந்து வீடுகளில் பின்னால் அறைக்கு ஒரு குடும்பம் என்று ஏறிவிட்டது, சமையலறை மட்டும் ஒன்றே. அந்த ஒரே சமையலறையில் குடும்பத்துக்கு ஒரு பல்பு, அதற்குத் தனி சுவிட்ச், தனி மீட்டர், சில இடங்களில் குழாய்க்குக்கூடப் பூட்டு! 1951இல் தொழிலாளர்களுக்காகக் கட்டத் தொடங்கிய சாவ்யாங் குடியிருப்பு அந்தக் காலத்தில் பெரிய கௌரவம், முதலில் குடிவந்த 1,002 குடும்பங்களில் மாதிரித் தொழிலாளர் என்று விருது வாங்கியவர்கள் பலர். அங்கேயும் சமையலறையும் கழிப்பறையும் பொதுதான். சமீபத்தில் புதுப்பித்தபோது முதல் வேலையாக வீட்டுக்கு வீடு தனிச் சமையலறை, தனிக் கழிப்பறை போட்டுக் கொடுத்தார்கள். சேர்ந்து வாழ்வது சீனக் கலாச்சாரம் என்று எழுதுகிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

சரி, இப்போதைய அடுக்குமாடிகளுக்கு வருவோம். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வெயில். தை மாதக் கடுங்குளிரில், சீன நாள்காட்டிப்படி ஜனவரி 20 வாக்கில் வரும் பெருங்குளிர் நாளில், ஒவ்வொரு வீட்டுக்கும் குறைந்தது 2 மணி நேரமாவது வெயில் விழவேண்டும் என்று பல பெரிய நகரங்களுக்குக் கட்டட விதி இருக்கிறது (ஊருக்கு ஊர் கணக்கு கொஞ்சம் மாறும்). அதனால் எல்லாக் கட்டடமும் தெற்கே பார்த்து வரிசையாக நிற்கும், முன்னால் இருப்பதன் நிழல் பின்னால் விழாதபடி நடுவில் நல்ல இடைவெளி விடவேண்டும், விட்ட இடத்தை ஈடுகட்ட உயரமாகக் கட்டவேண்டும். அந்த இடைவெளிதான் தோட்டமாக, உடற்பயிற்சிக் கருவி வைக்கும் இடமாக, தாத்தா பாட்டிகள் பேரனோடு உட்காரும் இடமாக ஆகிறது. ரஜாய் காயப்போடுவதும் அங்கேதான். ஷென்ஜென் நகரத்தில், ஊர் வளர்ந்து நடுவில் சிக்கிக்கொண்ட பழைய கிராமங்களில் இந்த விதிக்கு வெளியே முளைத்த குடியிருப்புகளைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ஜன்னலுக்கு ஜன்னல் கை குலுக்கலாம் என்பதால் அவற்றுக்குக் கைகுலுக்கும் வீடுகள் என்றே பெயர். அப்படி ஒன்றான பைஷிஜோவில், இடிப்பதற்கு முன், ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் சுமார் 1.5 லட்சம் பேர் இருந்தார்கள். வாடகை குறைவு, அதுதான் காரணம்.

பொது இடம் இலவசமும் இல்லை. லிஃப்ட், மாடிப்படி, நடைபாதை எல்லாம் பங்கு போட்டு வீட்டின் சதுர மீட்டரில் சேர்த்து விற்கிறார்கள், நம்முடைய சூப்பர் பில்ட்அப் ஏரியா மாதிரியேதான். உயரக் கட்டடங்களில் கால் பங்கு அப்படிப் போவது சாதாரணம். 100 சதுர மீட்டருக்குக் காசு கொடுத்துவிட்டு 75இல் குடியிருப்பார்கள், அந்தப் புலம்பலை இணையத்தில் தினமும் பார்க்கலாம். சோங்சிங் நகரம் மட்டும் 2002லேயே உள்பரப்புக்கு விலை என்று மாற்றிவிட்டது.

அப்புறம், பொது இடம் என்றால் பொதுச் சண்டையும் உண்டு. நான் இருந்தது லிஃப்ட் இல்லாத ஆறு மாடிப் பழைய கட்டடம். இந்த மாதிரிக் கட்டடங்களுக்கு வெளிப்பக்கமாக ஒட்டி லிஃப்ட் வைக்க அரசு மானியமே தருகிறது. மேல்மாடி முதியவர்களுக்கு அது உயிர், தரைத்தளக்காரருக்கோ வெளிச்சம் மறையும், சத்தம் வரும், வீட்டு விலையும் இறங்கும். செலவை மாடிவாரியாகப் பிரித்து, உயரே போகப் போக அதிகம் கொடுக்க வைத்து, கீழ்வீட்டுக்காரரிடம் ஒன்றும் வாங்காமல் விட்டாலும் அவர் சம்மதிப்பதில்லை. எங்கள் படிக்கட்டில் இதற்காக நடந்த கூட்டங்களில் எனக்குப் புரிந்த சீன மொழி எல்லாம் திட்டுதான். நான் கிளம்பும்வரை லிஃப்ட் வரவில்லை.