திம்பம் ஏற ஒரு லிட்டர் என்ஜின் போதுமா?

கேள்வி: கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கிறேன். வேலை திருப்பூரில்; குன்னத்தூர் வழியாகத் தினமும் போய் வருவேன். அப்பா, அம்மா, மனைவி, பையன் என வீட்டில் ஐந்து பேர். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை திம்பம் மலைப்பாதை வழியாக மைசூர் போவோம். ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் வாங்கலாம் என்றிருக்கிறேன். ஒரு லிட்டர் என்ஜின் போதுமா, 1.5 எடுக்கட்டுமா?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு ஒரு லிட்டரே போதும். "மூணு சிலிண்டருங்க, மலையில இழுக்காது" என்பவர்கள் டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பழைய சின்ன என்ஜின்களை வைத்துப் பேசுகிறார்கள். இதில் டர்போ உண்டு; சக்தி 115 பிஎஸ், இழுவை 178 நியூட்டன் மீட்டர். டர்போ இல்லாத 1.5 லிட்டர் ஹோண்டா சிட்டியே 145 தான் தருகிறது. அதுவும் என்ஜின் நிமிடத்துக்கு 4,300 சுற்று (ஆர்பிஎம்) சுற்றும்போதுதான். இதில் 1,750-லேயே முழு இழுவையும் வந்துவிடும்.

சிக்கல் அந்த 1,750-க்குக் கீழேதான். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், ஏசி, முன்னால் ஒரு கரும்பு லாரி. வளைவில் வேகம் செத்துப்போன பிறகும் இரண்டாவது கியரிலேயே மிதித்தால் வண்டி திணறும். தயங்காமல் முதல் கியருக்கு இறக்குங்கள்; சத்தம் போட்டால் போடட்டும். 1.5-இல் 250 நியூட்டன் மீட்டர் இருப்பதால் இந்தப் பாடு குறைவு. மாதாமாதம் மலையேறுகிறவர் என்றால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

மைலேஜுக்காகச் சின்னதை எடுப்பதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். 2022-இல் இந்தக் கார் வந்தபோது வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஏஆர்ஏஐ கணக்கில், லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு லிட்டர் ஆட்டோமேட்டிக் 18.12 கிலோமீட்டர், 1.5 ஆட்டோமேட்டிக் 18.67! சமதரையில் நிதானமாகப் போகும்போது 1.5 தன் நான்கு சிலிண்டரில் இரண்டை நிறுத்திக்கொள்ளும். ஒரு லிட்டர் மேனுவல் 19.40. வரியிலும் சலுகை கிடையாது. நான்கு மீட்டர் நீளத்தைத் தாண்டிவிட்டதால் இரண்டுக்கும் அதே 40 சதவீத ஜிஎஸ்டி. இன்சூரன்ஸில் மட்டும் கொஞ்சம் மிச்சம்: 999 சிசி என்பதால், 2022-இல் வந்த கட்டணப்படி மூன்றாம் நபர் பிரீமியம் வருஷத்துக்கு 2,094 ரூபாய்; 1.5-க்கு 3,416. மற்றபடி வித்தியாசமெல்லாம் காரின் விலையில்தான்.

ஆட்டோமேட்டிக் யோசனை இருந்தால், ஒரு லிட்டரில் வருவது டார்க் கன்வெர்ட்டர் (என்ஜின் விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் வகை), 1.5-இல் இரட்டை கிளட்ச் (இரண்டு கிளட்ச் மாறி மாறிக் கியர் போடும் வகை). திருப்பூர் புஷ்பா ரவுண்டானாவில் சாயங்காலம் ஊர்ந்து போவதற்கு முதலாவதுதான் இதம்.

அப்புறம், டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் எல்லாரையும் ஏற்றி, ஏசி போட்டு, ஏதாவது ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். பின் சீட்டின் நடுவில், கால் வைக்கும் இடத்தில் ஒரு மேடு உயரமாக இருக்கும். மைசூர் வரை அங்கே உட்கார உங்கள் பையன் சம்மதிக்காவிட்டால், எந்த என்ஜின் என்ற பேச்சே வேண்டியதில்லை. வேறு கார் பாருங்கள்.