உறைநிலையில் மூன்று கருக்கள்: எந்தக் கட்டத்தில் டிக் செய்வது?

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) சிகிச்சையில் எங்களுக்கு மகள் பிறந்தாள். விந்தணு, சினைமுட்டை இரண்டும் எங்களுடையவைதான். மீதமான மூன்று கருக்களை உறையவைத்திருக்கிறார்கள். இப்போது மருத்துவமனையிலிருந்து படிவம் வந்திருக்கிறது: சேமிப்பைத் தொடர்வதா, வேறு தம்பதிக்குத் தருவதா, ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா, அழிப்பதா? கத்தோலிக்கர்களான நாங்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: சகோதரி, முதலில் உங்கள் மகள். ஐ.வி.எஃப். முறையைத் திருச்சபை ஏற்பதில்லை என்பதால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த முறையை மறுத்த 1987-ஆம் ஆண்டின் வத்திக்கான் ஆவணமான 'டோனும் வீத்தே'யே, எப்படிப் பிறந்தாலும் குழந்தையை இறைவனின் கொடையாக ஏற்கச் சொல்கிறது. அணுக்கள் உங்களுடையவையாக இருந்தும் மறுப்பு ஏன் என்றால், மருத்துவம் தாம்பத்திய உறவுக்குத் துணை நிற்கலாம், அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்பதுதான் அங்கே அளவுகோல். கருக்குழாய் அடைப்பை நீக்குவது துணை. ஆய்வகத் தட்டில் கருவாக்குவது மாற்று. நடந்ததைக் குறித்து மனம் உறுத்தினால் அதற்கு ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) இருக்கிறது. படிவம் தனி விஷயம்.

நான்கு கட்டங்களில் மூன்றை நீக்கிவிடலாம். கருவுற்ற நொடியிலிருந்தே ஓர் ஆளுக்குரிய மதிப்பைக் கருவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது போதனை. ஆகவே அழிப்பதும் ஆராய்ச்சிக்குக் கொடுப்பதும் இல்லை. வேறு தம்பதிக்குத் தருவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 2008-இல் வந்த வத்திக்கான் ஆவணமான 'டிக்னித்தாஸ் பெர்சோனே' இதை இரண்டாகப் பிரிக்கிறது. மலட்டுத்தன்மைக்குச் சிகிச்சையாக இன்னொருவருக்குக் கொடுப்பதை மறுக்கிறது. கருவைக் காப்பாற்றவே தத்தெடுப்பதை நல்ல எண்ணம் என்று பாராட்டிவிட்டு, அதிலும் அதே போன்ற சிக்கல்கள் உண்டு என்கிறது. அந்த ஒற்றை வரியை வைத்து அறநெறி இறையியலாளர்கள் இன்றுவரை வாதிடுகிறார்கள்.

மிஞ்சுவது சேமிப்பு. அது விடையல்ல, தள்ளிப்போடுதல். இப்படி உறைந்து கிடக்கும் கருக்களுக்கு அறநெறிக்கு உகந்த தீர்வு எதுவும் தென்படவில்லை என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1996-லேயே சொல்லி, கருக்களை உருவாக்குவதை நிறுத்தும்படி கேட்டார்.

ஆனால் உங்கள் நிலையில் படிவத்தில் அச்சாகாத ஐந்தாவது வழி ஒன்று உண்டு: அவற்றை நீங்களே சுமப்பது. பெற்ற தாயே தன் கருக்களை ஏற்பதைப் பற்றி 'டிக்னித்தாஸ் பெர்சோனே' தனியாக எதுவும் சொல்லவில்லை. அறநெறி அறிஞர்கள் பலர் இதைச் சரி என்கிறார்கள். கருவைக் கருப்பைக்குள் வைக்கும் செயலையே ஏற்காத சிலரும் இருக்கிறார்கள். முதல் தரப்பின் வாதம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது. தவறு, ஆய்வகத்தில் உருவாக்கியதில் இருந்தது. உருவாகிவிட்ட பிள்ளைக்கு இடம் கொடுப்பது அந்தத் தவறை மறுபடி செய்வதாகாது. உங்கள் உடல்நிலை அனுமதிக்க வேண்டும், கணவரும் முழுமனதோடு சம்மதிக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த முடிவுக்கு வந்தால், மருத்துவமனையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஒரு குழலில் எத்தனை கருக்கள்? மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் மெல்லிய குழல்களில்தான் அவற்றை வைத்திருப்பார்கள். ஒரே குழலில் இரண்டு இருந்தால், ஒன்றை மட்டும் உருக்க முடியாது; உருக்கியதைத் திரும்ப உறையவைத்தால் சேதம் கூடும். தனித்தனிக் குழல் என்றால் ஒவ்வொன்றாக வைக்கச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் மூன்றையும் வைத்து மூன்றும் தங்கிவிட்டால், 'ஒன்றைக் குறைத்துவிடலாம்' என்ற பேச்சு வரும். அது கருக்கலைப்பேதான்.

அடுத்தது, தரம். ஐந்தாம் நாள் கருக்களுக்கு '4ஏஏ', '3பிசி' என்றெல்லாம் குறியிடுவார்கள். எண் கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதற்கு. முதல் எழுத்து குழந்தையாக வளரும் செல்களுக்கு, இரண்டாவது நஞ்சுக்கொடியாகும் செல்களுக்கு. தரம் குறைந்தவற்றை ஒதுக்குவது பல ஆய்வகங்களின் வழக்கம். 'உயிருள்ள எந்தக் கருவையும் தரத்துக்காக ஒதுக்கக் கூடாது, மரபணுச் சோதனை வேண்டாம்' என்று எழுத்தில் கொடுங்கள். அந்தச் சோதனைக்குக் கருவிலிருந்தே சில செல்களைக் கிள்ளி எடுப்பார்கள்; வடிகட்டத்தான் அது.

மாதவிடாய் ஒழுங்காக வருகிறவர் என்றால், இயற்கைச் சுழற்சியிலேயே கருவை வைக்க முடியுமா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஈஸ்ட்ரோஜன் மருந்து, கருப்பையின் உட்சுவர் 7 மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்ததும் புரோஜெஸ்டிரோன், அது தொடங்கி ஏறக்குறைய ஐந்து நாள் கழித்துக் கரு வைப்பது என்று போகும். உருக்கும்போதே ஒரு கரு இறந்துபோகலாம், வைத்தும் தங்காமல் போகலாம். அது உங்கள் குற்றமல்ல.

ஒரு தந்திரத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். கரு ஒட்டவே முடியாத நாளாகப் பார்த்துக் கருப்பைக்குள் விட்டுவிடும் 'கருணை மாற்று' என்ற ஏற்பாடு சில இடங்களில் உண்டு. வீட்டுக்கு அழைத்து வந்து வழியனுப்புவது போல மனசுக்கு இதமாக இருக்கும். ஆனால் பிழைக்கக் கூடாது என்று நாள் குறித்துச் செய்வதால், அதை அழிப்பு என்ற கட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

உங்கள் உடல் இன்னொரு கர்ப்பத்தைத் தாங்காது என்று மருத்துவர் சொன்னால், அறிஞர்களும் பிரிந்துவிடுகிறார்கள். உறைநிலையைத் தொடர்வதே கடமை என்போர் ஒரு பக்கம். முடிவில்லாமல் உறையவைப்பது மிகையான சிகிச்சை, அதை நிறுத்துவது கொலையாகாது என்போர் மறுபக்கம். திருச்சபை அதிகாரபூர்வமாக எதையும் தீர்த்துச் சொல்லாததால், உயிரி அறநெறி படித்த ஓர் அருட்தந்தையிடம் மருத்துவ அறிக்கையோடு போய் உட்காருங்கள்.

எதுவும் முடிவாகும் வரை 'சேமிப்பைத் தொடர்க' என்பதில் டிக் செய்து அனுப்புங்கள். அதற்கு முன் படிவத்தின் பொடி எழுத்துகளையும் படியுங்கள். கட்டணம் தவறினாலோ, தம்பதியில் ஒருவர் இறந்தாலோ, பிரிந்தாலோ கருக்களை அழிக்கச் சம்மதம் என்று ஒரு வரி அதில் இருக்கக்கூடும். இருந்தால் அடித்துவிட்டு, பக்கத்தில் இருவரும் கையெழுத்திட்டு, நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.