ராத்திரி நறநறன்னு பல்லைக் கடிக்கிறார், பூச்சி மருந்து குடுக்கலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் தூக்கத்துல பல்லைக் கடிக்கிற சத்தம் பக்கத்து ரூம் வரைக்கும் கேக்குது. வயித்துல பூச்சின்னு மாமியார் சொல்றாங்க. காலைல எந்திரிச்சா தாடை வலிக்குதுங்கறார். என்ன பண்றது டாக்டர்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பூச்சி மருந்தை ஓரமா வைங்கம்மா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கறதா நிரூபணம் இல்ல. இதுக்குப் பேரு ப்ரக்ஸிசம். டென்ஷன், ராத்திரி டீ காபி, சிகரெட், மது, சில மனநல மாத்திரைகள் இதெல்லாம் தூண்டிவிடும், கூடவே குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதான்னும் கவனிங்க, அப்படின்னா தூங்கும்போது மூச்சைக் கவனிக்கிற ஸ்லீப் டெஸ்ட் எடுத்தே ஆகணும். பல் டாக்டர்கிட்ட அளவு குடுத்தா ராத்திரி பல்லு மேல மாட்டிக்கிற உறை, அதாவது நைட் கார்டு செஞ்சு தருவாங்க, பழக்கத்தை நிறுத்தாது ஆனா பல்லு தேயாம காப்பாத்தும். அதைத் தினமும் பச்சத் தண்ணில பிரஷ் போட்டுக் கழுவணும், வெந்நீர் ஊத்தினா வளைஞ்சிடும்.

பகல்ல கம்ப்யூட்டர் பாக்கும்போதும் கடிக்கிறாரான்னு பாருங்க, உதடு மூடியிருக்கலாம், பல்லு பல்லைத் தொடவே கூடாது.

பல்லோட வெளி ஓடான எனாமல் போனா திரும்ப வளராது. அதனால உப்பு, கரி, செங்கல் பொடியெல்லாம் வேண்டவே வேண்டாம். சாஃப்ட் பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட், காலைலயும் படுக்கும்போதும் 2 நிமிஷம். எலுமிச்சை ஜூஸ், சோடா குடிச்சா அரை மணி நேரம் கழிச்சு தேய்ங்க.

சின்னப் பசங்க கடிச்சா பயப்படாதீங்க, பெரும்பாலும் வளர வளர தானா நின்னுடும்.