புல்லைக் கொன்றது யார்?

அன்புள்ள ஐயா,

விம்பிள்டன் டென்னிஸ் தொடங்கினால் எங்கள் வீட்டில் எனக்கும் அப்பாவுக்கும் சண்டை. சாம்ப்ராஸும் எட்பெர்க்கும் ஆடியதைப் பார்த்தவர் அவர். "இப்ப நடக்கிறது புல்லில ஆடுற ஆட்டமே இல்ல, பச்சைச் சாயம் பூசின பிரெஞ்ச் ஓபன்" என்கிறார். (அது களிமண்ணில் ஆடும் மெதுவான போட்டி.) வேண்டுமென்றே புல்லை மெதுவாக்கி, சேர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓடுகிற ஆட்டத்தைக் கொன்றுவிட்டார்களாம். எனக்கு அல்கராஸ், சின்னர் ஆடுவதுதான் பிடிக்கும். அப்பா சொல்வது சரியா?

எஸ்., கொட்டாஞ்சேனை

அன்புள்ள தம்பி,

வயதால் நான் உங்கள் அப்பாவின் கட்சி. ஆனாலும் அவர் சொல்வதில் பாதிக்குத்தான் தலையாட்ட முடியும்.

2001இல் விம்பிள்டனில் புல்லை மாற்றியது உண்மை. அதுவரை 70 பங்கு ரை புல், 30 பங்கு ஃபெஸ்க்யூ என்று கலந்து விதைத்தார்கள். பிறகு முழுக்க ரை. இரண்டு வாரம் மிதிபட்டாலும் தாங்குகிற புல் வேண்டும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அடிமண்ணும் முன்னைவிட இறுகியது. பந்து உயர எழும்பத் தொடங்கியது.

'மெதுவாகிவிட்டது' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். மழை விட்ட கையோடு லேனில் டென்னிஸ் பந்தால் கிரிக்கெட் ஆடியிருப்பீர்கள்தானே? ஈரத்தில் பந்து எழும்பாது. கணுக்கால் உயரத்தில் சறுக்கிக்கொண்டு வரும். மட்டையை இறக்குவதற்குள் ஸ்டம்புக்கு வைத்த பெட்டியில் பட்டுவிடும். அதே லேன் மறுநாள் வெயிலில் காய்ந்துவிட்டால் பந்து இடுப்புக்கு வரும், ஆற அமர அடிக்கலாம். பந்து போடுகிறவன் என்னவோ அதே வேகத்தில்தான் போடுகிறான். பழைய விம்பிள்டன் அந்த ஈர லேன். சேர்வை எடுக்கிறவன் குனிந்து தட்டிவிடத்தான் நேரம் இருக்கும், எதிராளி அதற்குள் வலையடியில் வந்து நிற்பான்.

வித்தியாசத்தைத் தரையிலேயே பார்க்கலாம். பழைய இறுதியாட்டங்களின் படங்களில் பின்கோட்டிலிருந்து (பேஸ்லைன்) வலைவரை புல் தேய்ந்து ஒற்றையடிப் பாதை மாதிரி கிடக்கும். இப்போது பின்கோட்டை ஒட்டித்தான் மண் தெரியும். வலைக்கு முன்னால் முதல் நாள் பச்சை அப்படியே இருக்கும்.

இவ்வளவும் அப்பா பக்கம். இனி மற்றப் பாதி.

2002 இறுதியாட்டத்தில் ஹியூவிட் நல்பாண்டியனை 6-1, 6-3, 6-2 என்று வென்றார். இருவரும் பின்கோட்டை விட்டு அசையவே இல்லை என்று சொல்லலாம். நல்பாண்டியனுக்கு அதுதான் முதல் விம்பிள்டன்! புல்தான் ஆட்டத்தைக் கொன்றது என்று அன்றைக்கே பலர் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டு, 2003இல், ஃபெடரர் அதே புல்லில் அடிக்கடி வலைக்கு ஓடித்தான் முதல் பட்டத்தை வென்றார். 2008இல் நடாலுடன் அந்த 4 மணி 48 நிமிட இறுதியாட்டத்தை ஆடும்போது அதே ஃபெடரர் பெரும்பாலும் பின்னால்தான் நின்றார். இடையில் புல் மாறவில்லை. மனிதர் மாறிவிட்டார். ஏன்?

நரம்புதான் காரணம் என்பேன். ரக்கெட் நரம்பைச் சொல்கிறேன். 1997இல் குயர்டென் பிரெஞ்ச் ஓபனை வென்றபோது பிரபலமான பொலியெஸ்டர் நரம்பு, பத்து வருடத்தில் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. அதில் முழு வேகத்தில் அடித்தாலும் பந்து சுழன்றுகொண்டு வலையைத் தாண்டியதும் சட்டென்று இறங்கும். வலைக்கு ஓடி வருகிறவனுக்குப் பந்து சப்பாத்து நுனியில் கிடைத்தால், பந்து தரையில் படுமுன் அடிக்கிற வொலியை அவன் எப்படி அடிப்பான்? உயரமாக எழும்பும் புல்லும் இந்த நரம்பும் சேர்ந்தபோதுதான் வலைக்கு ஓடுகிற ஆட்டம் முடிந்தது. அப்புறம், பயிற்சி கொடுப்பவர்களும் அந்த வித்தையைச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டார்கள். கொழும்பில் மாலையில் களிமண் கோர்ட்டுப் பக்கம் போனால் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் பின்கோட்டில் நின்று பந்தை முன்பக்கமாகச் சுழற்றி அருமையாக டொப் ஸ்பின் போடுகிறார்கள். வொலி, கடைசி ஐந்து நிமிடத்தில்தான்.

அப்பாவிடம் இன்னொன்றையும் கேளுங்கள். 1994 இறுதியாட்டம் ஞாபகம் இருக்கிறதா? சாம்ப்ராஸ், இவானிசெவிச், 7-6, 7-6, 6-0. சேர்வ், பொயின்ட், சேர்வ், பொயின்ட். உண்மையைச் சொன்னால் நான் கொட்டாவி விட்டேன். அதற்கு இரண்டு வருடம் முன்பு இதே இவானிசெவிச்சை அகாசி பின்கோட்டில் நின்றே ஐந்து செட்டில் வென்றார். அதற்கும் முன்னால், பெரிய சேர்வ் எதுவும் இல்லாமல் மென்மையான கையை மட்டும் நம்பி 1960இலும் 1961இலும் அரையிறுதிவரை போனார் நம் ராமநாதன் கிருஷ்ணன். பழைய புல் ஓடுகிறவனுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தாக இருக்கவில்லை. ஓடுகிறவனும் நிற்கிறவனும் மோதினார்கள், அதுதான் சுவை. இன்று இரண்டு பக்கமும் நிற்கிறவர்களே. எனக்குக் குறை அதில்தான்.

உங்கள் அல்கராஸ் நடுநடுவே, எதிராளி பின்னால் தள்ளி நிற்பதைப் பார்த்துச் சேர்வ் போட்ட கையோடு வலைக்குப் பாய்வார். அந்த நேரம் ஆட்டத்தைப் பார்க்காமல் அப்பாவின் முகத்தைப் பாருங்கள்.