கடம்பாவின் நரம்பும் தம்பியின் விரலும்

வணக்கம் சார். என் தம்பி லாஞ்சில் வேலை செய்கிறான். இரண்டு மாதம் முன்பு வின்ச் கம்பி அறுத்ததில் மணிக்கட்டு நரம்பு துண்டாகிவிட்டது. ஆபரேஷன் செய்து தைத்தார்கள். மூன்று விரலில் இன்னும் உணர்ச்சி இல்லை. கடம்பாவுக்கு (கணவாய்) நரம்பு திரும்ப வளருமாம். அதை வைத்துச் செய்த நானோ கேப்சூல் என்று ஒருவர் 18,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?
- மேரி, காசிமேடு

அன்புள்ள மேரி,

வாங்காதீர்கள்.

நரம்பு வளரும் என்பது மட்டும் உண்மை. ஏலத்துக்கு வரும் புது கடம்பாவின் தோலில் புள்ளிகள் விரிந்து சுருங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை ஆட்டுவிப்பது நரம்புதான். கடம்பாவின் உறவான ஆக்டோபஸில் அந்த நரம்பை நசுக்கினால் அந்தப் பக்கத் தோல் நிறம் மாற்ற முடியாமல் நின்றுவிடும். பிறகு நரம்பு வளர்ந்து பழைய நிறக்கோலமே திரும்புவதை சாண்டர்ஸ், யங் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1974இல் எழுதினார்கள். எனக்கு இன்றும் மலைப்பு தீராத விஷயம் இது. ஆனால் அந்தத் திறன் அந்த உயிரின் உடம்போடு சரி. பொடித்து விழுங்கினால் நம் கைக்கு வராது.

நானோ மருந்தும் பொய்யில்லை. பரம்பரை நரம்பு நோய் ஒன்றுக்கான பட்டிசிரான் என்ற மருந்து 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நுண்ணிய கொழுப்புத் துகளில் வைத்து ரத்தத்தில் ஏற்றுகிறார்கள். அது போய்ச் சேருவது கல்லீரலுக்கு. நரம்பைக் கெடுக்கும் புரதம் அங்கே உருவாவதைக் குறைக்கிறது. அறுந்த நரம்பை வளர்ப்பதில்லை. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளில் நரம்பு முனைகளை இணைக்கும் குழாய்கூடச் செய்கிறார்கள். அதையும் அறுவை மருத்துவர்தான் அறுந்த இடத்தில் வைக்க வேண்டும்.

இனி தம்பி விஷயம். தைத்த நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி 18 சென்டிமீட்டர் என்றால் 6 மாதத்துக்குக் குறையாது. இரண்டு மாதத்தில் உணர்ச்சி வராததால் ஆபரேஷன் வீண் என்று நினைக்காதீர்கள். நரம்பு போகும் வழியில் டாக்டர் விரலால் தட்டிப் பார்ப்பார். எங்கே கரண்ட் அடித்த மாதிரி சுருக்கென்கிறதோ, இழைகள் அதுவரை வந்திருக்கின்றன. மாதாமாதம் அந்த இடம் முன்னேற வேண்டும். நகரவில்லை என்றால் உடனே சொல்லுங்கள், நாள் கடத்த வேண்டாம். கைப்பயிற்சியை விடக் கூடாது. மரத்த விரலுக்குச் சூடு தெரியாது. டீ கிளாஸைக்கூட அடுத்த கையில் பிடிக்கட்டும்.

பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்று தனி அறுவைத் துறை இருக்கிறது. 18,000 ரூபாய் அவன் கடலுக்குப் போகாத நாட்களின் வீட்டுச் செலவுக்கு ஆகும். அடுத்த முறை டாக்டர் தட்டும்போது சுருக்கென்றது எந்த இடத்தில் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.